சாம்பல் மேடுகள் சொல்லும் கணக்கு



நம் வளாகத்தில் பல குடும்பங்கள் ஹம்பிக்குச் சுற்றுலா போய் வந்திருக்கின்றன. கல் தேரையும், விருபாட்சர் கோயிலையும், துங்கபத்திரை ஆற்றையும் பார்த்துவிட்டு வந்து படம் காட்டியிருக்கிறீர்கள். அந்தப் பயணத்தில் பல்லாரியிலிருந்து ஹொசபேட்டைக்குக் காரில் போனவர்கள் வழியில் குடதினி என்ற ஊரைக் கடந்திருப்பீர்கள். அங்கே மலைகளுக்கு நடுவே சாலை நுழையும் இடத்தில், சாலையை ஒட்டி ஒரு சாம்பல் நிற மேடு இருக்கிறது. அதற்காக யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. ஏதோ ஒரு தொழிற்சாலை கொட்டிய கழிவு என்று நினைத்துப் போய்விடுவோம். அந்த மேட்டுக்கு வயது நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல். ஹம்பியின் விஜயநகரக் கோயில்கள் அதன் முன்னால் நேற்றுப் பிறந்த குழந்தைகள்.

இந்த இதழில் அந்த மேட்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நான் வணிகவியல் படித்தவன், வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். தொல்லியல் என் துறை இல்லை. ஆனால் இந்த மேடுகளின் கதை ஒரு வகையில் கணக்கு சரிபார்க்கும் கதை. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாகப் பலர் இந்தக் கணக்கைப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு விடை எழுதினார்கள். எந்த விடை நின்றது, எது நிற்கவில்லை, எது இன்னும் பாக்கி என்று பார்ப்பது சுவையாக இருக்கும்.

மேடு எப்படி இருக்கும்?

குடதினி மேடு தனி ஒன்று இல்லை. வட கர்நாடகத்தின் பல்லாரி, ராய்ச்சூர், கொப்பள், கலபுரகி பகுதிகளிலும், தெலங்கானா, ஆந்திரத்தின் ஒட்டிய பகுதிகளிலுமாக இப்படிப்பட்ட மேடுகள் நூற்றுக்கு மேல் கண்டறியப்பட்டுள்ளன. கிருஷ்ணா, துங்கபத்திரை ஆறுகளை ஒட்டிய வறண்ட பூமி அது. கரிசல் மண், இடையிடையே மொட்டைப் பாறைக் குன்றுகள், முள் மரங்கள். சில மேடுகள் இடுப்பளவுதான் இருக்கும். சில இரண்டு மாடி உயரம்.

கிட்டப் போய்ப் பார்த்தால் மூன்று விதமான பொருள் தெரியும். முதலாவது, விபூதி போல மெல்லிய வெள்ளைச் சாம்பல். இரண்டாவது, பழுப்பும் சாம்பலுமாக அடுக்கடுக்காகப் படிந்த மண் போன்ற பொருள். மூன்றாவதுதான் ஆச்சரியம்: கொல்லன் உலையில் கிடக்கும் கசடு போல, ஓட்டை ஓட்டையாக, உருகி உறைந்த கட்டிகள். சில கட்டிகள் கண்ணாடி போலப் பளபளக்கும். பார்த்தவுடன் எரிமலைக் குழம்போ என்று எண்ணத் தோன்றும். ஆனால் அந்த வட்டாரத்தில் எரிமலை வாய் எதுவும் கிடையாது. கட்டிடம் இல்லை, சிலை இல்லை, கல்வெட்டு இல்லை, காசு இல்லை. ஊர் நடுவில் கூட இல்லை. வெறும் சாம்பல். எதை வைத்து இதற்குப் பெயர் எழுதுவது?

ஊரார் சொன்ன விடை

முதல் விடை ஊர் மக்களுடையது. குடதினிப் பக்கத்தில், பீமன் இடும்பனைக் கொன்று எரித்த சாம்பல் இது என்று சொல்லி வந்திருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த இடும்பிக்கு அண்ணன்தான் இந்த இடும்பன். ஹம்பிக்குப் பக்கத்தில் நிம்பாபுரம் என்ற ஊரில் இன்னொரு சாம்பல் மேடு உண்டு. அது வாலியைத் தகனம் செய்த இடம் என்பது அங்குள்ள நம்பிக்கை. ஹம்பிப் பகுதியே கிஷ்கிந்தை என்று சொல்லப்படுவதால் அந்தக் கதை பொருத்தமாக உட்கார்ந்துவிட்டது.

இதைப் படித்துவிட்டுச் சிரித்துவிடாதீர்கள். ஊரார் இரண்டு விஷயங்களைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள். ஒன்று, இது இயற்கையாக வந்த மண் மேடு இல்லை, எரிந்த சாம்பல். இரண்டு, இது மிகப் பழையது, தங்கள் பாட்டன் பூட்டன் காலத்துக்கு எட்டாத பழமை. குடதினி மேட்டுக்குப் பூதிகனமா என்று பெயர். அங்கே பூதி என்றால் சாம்பல், நம் விபூதியில் இருக்கும் அதே சொல். கனமா என்றால் கணவாய். சாம்பல் கணவாய் என்று பொருள். பெயரிலேயே பொருளை எழுதி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய சாம்பலுக்கு அவ்வளவு பெரிய உடல் வேண்டும் என்று கணக்குப் போட்டு, அரக்கனைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நம் ஊர்ப் பக்கம் பழைய கல்லறைகளைப் பாண்டவர் குழி என்று சொல்வதும் இதே மாதிரிதான்.

வெள்ளைக்காரர்கள் சொன்ன விடைகள்

அடுத்து வந்தவர்கள் கம்பெனி ஆட்சிக்கால அதிகாரிகள். சென்னைப் படையைச் சேர்ந்த நியூபோல்ட் என்ற அதிகாரி இந்த மேடுகளை அளந்து, 1843இல் லண்டனின் ராயல் ஆசியக் கழக ஆய்விதழில் எழுதினார். படித்தவர்கள் உலகத்துக்கு இந்த மேடுகள் பரவலாகத் தெரிய வந்தது அப்போதிலிருந்துதான்.

பிறகு ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தப் பெயர் சென்னைவாசிகளுக்குப் பழக்கமானது. 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்கால மனிதனின் கைக்கோடரியைக் கண்டெடுத்தவர் இவர்தான். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் வேலை பார்த்தவர். அவர் சேகரித்த கற்கருவிகள் இன்றும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. பாறையையும் மண்ணையும் படிப்பது அவருடைய தொழில். ஆகவே அவர் அரக்கனையும் தேடவில்லை, அரசனையும் தேடவில்லை. மேட்டில் என்ன பொருள் இருக்கிறது, அதோடு வேறு என்ன கிடக்கிறது என்று பார்த்தார். புதிய கற்கால மக்களின் மெருகேற்றிய கற்கோடரிகளும், அரைக்கும் கற்களும், பானை ஓடுகளும், மாட்டு எலும்புகளும் கிடைத்தன. ஆப்பிரிக்காவில் மாடு மேய்க்கும் மக்கள் முள்வேலி போட்டு மாடுகளை அடைப்பது பற்றிய விவரங்கள் அவருக்குத் தெரியும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, இது எரிந்த மாட்டுச் சாணம், இங்கே மாட்டுப் பட்டி இருந்திருக்க வேண்டும் என்றார்.

இன்று பார்த்தால் சரியான விடை. ஆனால் அன்று எல்லோரும் ஏற்கவில்லை. ராபர்ட் சூவெல் என்று ஓர் அதிகாரி. விஜயநகரப் பேரரசின் வரலாற்றை எழுதிப் புகழ்பெற்றவர். 1899இல் அவர் இந்த மேடுகளைப் பற்றி எழுதியபோது, இவை விஜயநகரக் காலத்தில் பெரிய அளவில் நடந்த தகனங்களின், உடன்கட்டை ஏறிய தீயின் மிச்சமாக இருக்கலாம் என்ற கருத்தைச் சொன்னார். விஜயநகரத்தைப் பற்றியே ஆண்டுக்கணக்கில் படித்துக்கொண்டிருந்தவருக்கு, அந்தப் பேரரசின் தலைநகருக்குப் பக்கத்திலேயே கிடந்த சாம்பலும் விஜயநகரமாகவே தெரிந்தது. வேறு சிலர், கசடு போன்ற கட்டிகளைப் பார்த்து, இவை உலோகம் உருக்கிய இடங்கள் என்றார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். இதிகாசம் தெரிந்தவர்களுக்கு இடும்பன் தெரிந்தான். பேரரசு தெரிந்தவருக்குப் பேரரசு தெரிந்தது. பட்டறை தெரிந்தவர்களுக்குப் பட்டறை தெரிந்தது. மேடு பேசாமல் கிடந்தது. சொன்னவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. மேட்டில் எது அதிகமாகக் கிடைக்கிறது என்று எண்ணுவதற்கு முன்னால், தங்களிடம் தயாராக இருந்த தலைப்பில் பற்று எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான்.

கணக்கு டேலி ஆன கதை

மாட்டுச் சாணம் என்று ஃபூட் சொன்னதற்கு ஒரு வலுவான ஆட்சேபணை இருந்தது. சாணம் எரிந்தால் சாம்பல்தானே வரும்? வறட்டி அடுப்பைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். வறட்டி எரிந்து வெள்ளைச் சாம்பலாக உதிரும். எந்த வீட்டு அடுப்பிலும் அது கண்ணாடிக் கட்டியாக உறைந்து பார்த்ததில்லை. அப்படியானால் இந்தக் கட்டிகள் எப்படி வந்தன?

லண்டன் பல்கலைக்கழகத் தொல்லியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜாய்னர் என்ற அறிஞர் இதை ஆய்வகத்தில் ஆராய்ந்து 1960இல் விடை சொன்னார். மாடு தின்பது புல். புல்லில் மணலின் சத்தான சிலிக்கா நிறைய இருக்கிறது. புல்லின் ஓரம் கையை அறுப்பது அதனால்தான். மாட்டின் வயிற்றில் புல் செரித்தாலும் சிலிக்கா செரிக்காது. அது சாணத்தோடு வெளியே வரும். சாணச் சாம்பலில் உப்புச் சத்தும் இருக்கிறது. மணலும் உப்பும் சேர்ந்து கடும் சூட்டில் உருகினால் கண்ணாடி மாதிரிதான் ஆகும். கண்ணாடி செய்யும் வித்தையே அதுதானே. வீட்டு அடுப்பில் நாலு வறட்டிக்கு அந்தச் சூடு வராது. மலை போலக் குவித்த சாணம் நாள்கணக்கில் உள்ளுக்குள் கனன்றால், நடுவில் ஏறத்தாழ ஆயிரம் டிகிரி வெப்பம் வரும். கட்டிகள் உருவானது அப்படித்தான். அந்தக் கட்டிகளுக்குள் புல்லின் சிலிக்கா நுண்துகள்கள் இருப்பதும் உறுதியானது.

கிட்டத்தட்ட அதே காலத்தில், ரேமண்ட் ஆல்சின் என்ற அறிஞர் 1957இல் அன்றைய மகபூப்நகர் மாவட்டத்தின் உட்னூர் என்ற ஊரில் ஒரு சாம்பல் மேட்டை முறையாகத் தோண்டினார். கிடைத்தது அற்புதமான சான்று. சாம்பலுக்கு அடியில், வட்டமாகச் சுற்றி, மரத்தூண்கள் நட்ட குழிகள் வரிசையாக இருந்தன. அதாவது பெரிய பட்டி அடைப்பு. ஒரு முறை அல்ல, பல முறை. அடைப்பு கட்டப்பட்டிருக்கிறது, எரிந்திருக்கிறது, அதன் மேலேயே மறுபடி கட்டப்பட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அடைப்புக்குள்ளே தரையில் மாட்டுக் குளம்புகளின் தடம் அப்படியே பதிந்திருந்தது.

நினைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு மாடு ஈரத் தரையில் காலை வைத்திருக்கிறது. மேலே சாம்பல் விழுந்து மூடியிருக்கிறது. நாலாயிரம் ஆண்டு கழித்து அதன் மீது தூரிகை வைத்துத் துடைக்கிறார்கள். மகாராஜாக்கள் கல்லில் வெட்டிய சாசனங்கள் பல அழிந்துபோயின. பெயரில்லாத ஒரு மாட்டின் கால்தடம் நின்றிருக்கிறது. வங்கி மொழியில் சொன்னால், இத்தனை நாள் பேச்சாக இருந்ததற்கு ஒரு அசல் வவுச்சர் கிடைத்துவிட்டது. கரிமக் காலக்கணிப்பும் கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டு என்று காட்டியது. இடும்பன், விஜயநகரம், உலோகப் பட்டறை ஆகிய மூன்று பதிவுகளும் அடிக்கப்பட்டன.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு நாட்டு மாடு நாளுக்குப் பத்துக் கிலோ சாணம் போடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி மேய்ச்சலில் போய்விடும். பட்டியில் ஐந்து கிலோ. ஐந்நூறு மாடு இருந்தால் நாளுக்கு இரண்டரை டன், வருடத்துக்குத் தொள்ளாயிரம் டன்னுக்கு மேல். காய்ந்தால் ஐந்தில் ஒரு பங்கு என்றாலும் நூற்றெண்பது டன். எரிந்தால் அதில் இன்னும் ஒரு சிறு பங்கு. ஒரே வருடத்தில் மேடு வராது. இரண்டு மூன்று தலைமுறை ஒரே இடத்தில் பட்டி போட்டால் வரும். இது என் மனக்கணக்கு, ஆராய்ச்சி இல்லை. ஆனால் இப்படி ஒரு மேடு உருவாவதற்கு அரக்கன் தேவையில்லை, மாடும் பொறுமையும் போதும் என்பது விளங்கும்.

பாக்கி நிற்கும் கேள்வி

மேடு என்ன பொருளால் ஆனது என்ற கேள்வி முடிந்தது. ஆனால் ஏன் என்ற கேள்வி முடியவில்லை. மாட்டுச் சாணத்தை எதற்காகக் குவித்து எரிக்க வேண்டும்?

கிராமத்துப் பின்னணி உள்ளவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் உடனே புரியும். நம் பக்கம் சாணம் என்றால் காசு. எருக்குழியில் சேர்ப்போம், வயலுக்கு அடிப்போம். கோடையில் ஆட்டுக்கிடை, மாட்டுக்கிடை போட்டால், ராத்திரி முழுக்க வயலில் விழும் எருவுக்கு நிலத்துக்காரர் கூலி கொடுப்பார். அப்படிப்பட்ட பொருளை மலையாகக் குவித்துத் தீ வைப்பானேன்? அந்த மக்களுக்கு விவசாயம் தெரியாதா என்றால், தெரியும். கொள்ளு, பச்சைப்பயறு, சிறுதானியங்கள் அவர்கள் குடியிருப்புகளில் கருகிய நிலையில் கிடைத்திருக்கின்றன.

ஆல்சின் ஒரு விடை சொன்னார். இவை மந்தைகள் பருவத்துக்கு வந்து தங்கிய பட்டிகள். ஆண்டின் ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு சடங்காக, சேர்ந்த சாணத்துக்குத் தீ வைத்திருப்பார்கள் என்றார். அதற்கு அவர் ஹோலி, தீபாவளி, பொங்கல் போன்ற பண்டிகைகளின் நெருப்பை ஒப்பிட்டார். கர்நாடகத்தின் மைசூர்ப் பக்கம் இன்றும் சங்கராந்தி மாலையில் வைக்கோலைக் கொளுத்தி மாடுகளை அந்தத் தீயைத் தாண்ட வைக்கிறார்கள். நம் கொங்கு நாட்டுப் பட்டிப்பொங்கலும், போகியில் பழையதைக் கொளுத்துவதும் உங்கள் நினைவுக்கு வரும். கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் நாலாயிரம் ஆண்டு இடைவெளியைத் தாண்டி ஒரு பண்டிகையை இன்னொன்றோடு முடிச்சுப் போட, நடுவில் ஆவணம் எதுவும் இல்லை. ஒற்றுமை ஒரு குறிப்பு. ரசீது ஆகாது.

பிறகு புணே டெக்கான் கல்லூரியைச் சேர்ந்த கே. பத்தய்யா, சுரபுரா வட்டாரத்தின் புதிஹால் என்ற இடத்தில் 1990களை ஒட்டிப் பல பருவங்கள் தோண்டினார். முன்னவர்கள் பெரும்பாலும் மேட்டை மட்டும் தோண்டினார்கள். இவர் மேட்டைச் சுற்றியும் பார்த்தார். பட்டிக்குப் பக்கத்திலேயே மக்கள் வாழ்ந்த வீடுகளின் தடம், கற்கருவி செய்த இடம், தாழிகளில் புதைத்த குழந்தைகள், மாடுகளை வெட்டிக் கூறுபோட்ட தளம் எல்லாம் கிடைத்தன. ஆகவே இது வந்து போகும் இடம் மட்டும் இல்லை, குடியிருப்பு. பட்டியைச் சுத்தம் செய்து ஒரு பக்கம் குவித்து அவ்வப்போது எரித்ததுதான் மேடு என்பது அவர் கருத்து. உண்ணியும் ஈயும் நோயும் வராமல் இருக்க எரித்திருக்கலாம் என்பது நமக்கும் புரியக்கூடிய காரணம். குப்பை சேர்ந்தால் என்ன ஆகும் என்று நம் வளாகத்தில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மாடு வெட்டும் தளம் என்றதும் சிலருக்கு முகம் சுளிக்கலாம். மாட்டை அவ்வளவு கொண்டாடிய மக்கள் மாட்டை உண்டார்களா என்று கேட்கலாம். எலும்புகள் ஆம் என்கின்றன. நமக்குப் பிடித்த பதிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பிடிக்காதவற்றை விட்டுவிட்டு ஐந்தொகை போட முடியாது. குளம்புத் தடத்தை ஏற்றுக்கொண்டால் வெட்டுத் தழும்புள்ள எலும்பையும் ஏற்க வேண்டும். இரண்டும் ஒரே மக்கள் விட்டுச் சென்றவை.

சென்ற இருபது, முப்பது ஆண்டுகளில் இன்னொரு பார்வையும் வந்திருக்கிறது. வெறும் துப்புரவு என்றால், ஏன் ஒரே இடத்தில் தலைமுறை தலைமுறையாக உயர்த்திக்கொண்டே போனார்கள்? தூரத்திலிருந்து தெரியும்படி ஏன் குவித்தார்கள்? இரவில் அது எரிந்தால் பல காதம் தெரிந்திருக்கும். ஆகவே இது எங்கள் இடம், இவ்வளவு மந்தை எங்களுடையது என்று சொல்லும் ஒரு நினைவுச் சின்னமாகவே அவர்கள் இதை எழுப்பியிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவர்களுக்குச் செல்வம் என்றால் மாடு. நம் பழந்தமிழிலும் மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்று பொருள் உண்டே. சாணக் குன்று என்பது அந்தச் செல்வத்தின் அளவுகோல்.

குப்பையா, சடங்கா, பெருமையா? இந்த மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் இல்லை. ஒரு மேடு ஒரு காரணத்துக்கும், இன்னொரு மேடு வேறு காரணத்துக்கும் எழுந்திருக்கலாம். துப்புரவாகத் தொடங்கியது நாளடைவில் திருவிழாவாக ஆகியிருக்கலாம். வீட்டில் போகிப் பண்டிகையை நினைத்துப் பாருங்கள். அது சுத்தம் செய்வதா, சடங்கா? கேட்டால் என்ன சொல்வீர்கள்?

சஸ்பென்ஸ் கணக்கு

வங்கிகளில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. ஒரு தொகை வந்திருக்கும், யாருடையது என்று விவரம் இருக்காது. கையில் கிடைத்த ஏதாவது ஒரு கணக்கில் வரவு வைத்துவிட்டால் அன்றைய டேலி சரியாகிவிடும், வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் அப்படிச் செய்யக் கூடாது. தொகையைச் சஸ்பென்ஸ் கணக்கில் தனியாக நிறுத்தி, விவரம் கிடைக்கும்வரை தேடவேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி அந்தக் கணக்கில் என்னென்ன நிற்கிறது என்றுதான் முதலில் கேட்பார்.

சாம்பல் மேடு நமக்குச் சொல்லும் பாடம் இதுவே. என்ன பொருள், எந்தக் காலம், யார் கால்தடம் என்ற மூன்றும் சான்றோடு பதிவாகிவிட்டன. ஏன் எரித்தார்கள் என்பது சஸ்பென்ஸில் நிற்கிறது. அதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் இன்று நம் கைபேசிக்கு வரும் செய்திகளைப் பாருங்கள். எங்கோ ஒரு வயலில் நாலு கல் கிடக்கும் படம். கீழே, பத்தாயிரம் ஆண்டுப் பழமையான நகரம், மறைக்கப்பட்ட உண்மை, எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று ஒரு வாசகம். அடுத்த முறை அப்படி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். அது என்ன பொருள் என்று யார், எப்படிச் சோதித்தார்கள்? காலத்தை எதை வைத்துக் கணித்தார்கள்? அதோடு சேர்ந்து பக்கத்தில் வேறு என்ன கிடைத்தது? மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஃபூட்டும் பத்தய்யாவும் வென்றது அதைக் கேட்டதால்தான். விடை இல்லாத செய்தி பொய் என்று நான் சொல்லவில்லை. விடை வரும்வரை சஸ்பென்ஸில் வையுங்கள் என்கிறேன்.

வவுச்சர் கரைகிறது

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. சஸ்பென்ஸ் கணக்கை முடிக்க வேண்டுமானால் பழைய வவுச்சர்கள் பத்திரமாக இருக்க வேண்டும். இந்த மேடுகள் கரைந்துகொண்டிருக்கின்றன. சாம்பல் நல்ல உரம் என்று வண்டி வண்டியாக வயலுக்கு அள்ளப்பட்ட மேடுகள் பல. சாலை போடவும், நிலத்தைச் சமப்படுத்தவும் வெட்டப்பட்டவை சில. அள்ளிய விவசாயியைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கோயில் என்றால் ஊரே காக்கும். கோட்டை என்றால் அரசு வேலி போடும். சாம்பலுக்கு யார் வேலி போடுவார்கள்? பார்வைக்குக் குப்பையாக இருப்பதுதான் இதன் பெரிய ஆபத்து.

ஒரு வண்டிச் சாம்பல் போனால் போகிறது என்று விட முடியாது. சாம்பல் அடுக்கடுக்காகப் படிந்தது. எது மேலே, எது கீழே என்ற வரிசைதான் சான்று. மண்வெட்டி பட்டவுடன் வரிசை கலைந்துவிடும். பக்கங்கள் எண் இல்லாமல் கலைந்த பேரேடு மாதிரி. தாள் இருக்கும், கணக்கு இருக்காது. குளம்புத் தடமோ ஒரு விரற்கடை ஆழம். ஒரே வெட்டில் போய்விடும்.

இன்னொரு வேடிக்கை. அதே குடதினியில் இன்று ஒரு பெரிய அனல்மின் நிலையம் இருக்கிறது. நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள், அதிலும் சாம்பல்தான் மிஞ்சுகிறது. நாலாயிரம் ஆண்டுக்குப் பிறகு யாராவது அங்கே வந்து தோண்டினால், ஒரே ஊரில் இரண்டு விதச் சாம்பல் கிடைக்கும். ஒன்று மாடு வளர்த்தவர்களுடையது, இன்னொன்று நம்முடையது. இவர்கள் எதைக் கும்பிட்டு இவ்வளவு எரித்தார்கள் என்று அவர்கள் மண்டையைக் குடைந்துகொள்ளக் கூடும். நம் வீட்டு ஏ.சி.க்காக என்று யார் போய்ச் சொல்வது?

நீங்கள் செய்யக்கூடியது

அடுத்த முறை ஹம்பிக்குப் போகும்போது, பல்லாரி வழியாகப் போனால், ஓட்டுநரிடம் சொல்லிக் குடதினியில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். பிள்ளைகளை இறக்கி அந்த மேட்டைக் காட்டுங்கள். மேலே ஏறி மிதிக்க வேண்டாம், பளபளக்கும் கட்டி ஒன்றைக்கூட ஞாபகார்த்தமாக எடுத்து வர வேண்டாம். பக்கத்தில் ஊர்க்காரர் யாராவது இருந்தால் இடும்பன் கதையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் பாதுகாக்க வேண்டிய சொத்துதான். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், விடுமுறை நாளில் பேரப்பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய், ஃபூட் சேகரித்த கற்கருவிகளைக் காட்டலாம்.

நம் சொந்த ஊர்களிலும் இப்படி எத்தனையோ உண்டு. ஏரிக்கரையில் சாய்ந்து கிடக்கும் நடுகல், தரிசில் வட்டமாகக் கிடக்கும் பாறைகள், உழும்போது மேலே வரும் கறுப்பு சிவப்பு ஓடு. பண்டிகைக்கு ஊருக்குப் போகும்போது கண்ணில் பட்டால், அது இன்னது என்று உடனே பெயர் வைக்கவும் வேண்டாம், ஒன்றுமில்லை என்று ஒதுக்கவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டு, ஒரு படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். பெயர் வைக்கும் வேலையை அவர்கள் நிதானமாகச் செய்யட்டும். அதுவரை கல்லும் ஓடும் கிடந்த இடத்தில் கிடந்தால் போதும்.